துன்பம் தலையெழுத்தா? புத்தர் பெருமான் தந்த விடை

(விசாக தினத்தை முன்னிட்டுத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விசாக தினம் வருகிறது. நாடெங்கும் விடுமுறை. பட்டணத்து விகாரைகளிலே விளக்கேற்றுவார்கள், மலர் வைப்பார்கள், ஊர்வலம் போவார்கள். நம் அக்கம்பக்கத்துச் சீனர் பலர் அன்று மரக்கறி உணவு உண்பார்கள். நம்மவர்களுக்கோ அது புத்தர் பிறந்த நாள் என்பதற்கு மேல் அதிகம் தெரியாது. அவர் என்ன சொன்னார் என்று கேட்டால், ஆசையை ஒழிக்கச் சொன்னார் என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வோம். ஆகவே அவரைப் பற்றிப் பேசும்படி கிளைச் செயலாளர் என்னைப் பணித்தார்.

நான் பண்டிதன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் படித்து, தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதும் கிராணி. ஆகையால் கணக்கெழுதுகிறவன் எப்படி ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துவானோ, அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நம் லயங்களில் ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது. காய்ச்சலில் பிள்ளை இறந்தால் தலையெழுத்து. மழையில் வெட்டு நின்று சம்பளம் குறைந்தால் தலையெழுத்து. வேலை போய், குடியிருந்த வீட்டையும் காலி செய்யச் சொன்னால் அதுவும் தலையெழுத்து. படித்தவர் சிலர் இதற்குப் புத்தரையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். "உலகமே துன்பம் என்று புத்தரே சொல்லிவிட்டாரே, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்கிறார்கள். புத்தர் அப்படித்தான் சொன்னாரா? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

யார் இந்தக் கௌதமர்?

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், இமயமலை அடிவாரத்தில், இப்போது நேப்பாள நாட்டில் இருக்கும் லும்பினியில் பிறந்தவர் அவர். சாக்கிய குலம். தந்தை சுத்தோதனர், தாய் மாயாதேவி. இட்ட பெயர் சித்தார்த்தர். அசோகச் சக்கரவர்த்தி லும்பினியில் நாட்டிய கல்தூணின் எழுத்துகள் 1896ஆம் ஆண்டு வெளிப்பட்டன. புத்தர் இங்கே பிறந்தார் என்று அதில் பொறித்திருக்கிறது. ஆகவே அவர் வெறும் கதையில் வரும் ஆள் அல்லர். மண்ணில் நடந்த மனிதர்.

கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் துறவியையும் கண்டு, 29ஆம் வயதில் அவர் அரண்மனையை விட்டு வெளியேறிய வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் கவனிப்பதில்லை. ஆறு ஆண்டுகள் காட்டிலே உடலை வதைத்தார். பட்டினி கிடந்து எலும்பும் தோலும் ஆனார். இதனால் அறிவு தெளியவில்லை என்று கண்டதும், சுஜாதை என்னும் பெண் கொடுத்த பாற்சோற்றை வாங்கி உண்டார். உடனிருந்த ஐந்து துறவிகள் கோபித்துக்கொண்டு விலகிப் போனார்கள். அவர் கவலைப்படவில்லை. கயையில் அரசமரத்தின் கீழ் அமர்ந்து மெய்யறிவு பெற்றார். அப்போது வயது 35. பின்பு காசிக்கு அருகே, இன்று சாரநாத் என்று வழங்கும் மான் சோலைக்கு நடந்து சென்று, விலகிப் போன அந்த ஐவருக்கே தம் முதற்பேச்சைப் பேசினார். அதன் பின் 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து, 80ஆம் வயதில் குசிநாராவில் காலமானார்.

பட்டினி கிடந்து பார்த்துவிட்டு, பட்டினியால் பயனில்லை என்று சொன்னவர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

அந்த முதற்பேச்சின் தொடக்கமே நடுவழி. சுகபோகத்தில் மூழ்குவது ஓர் ஓரம். உடலை வதைப்பது மற்றோர் ஓரம். இரண்டையும் விடச் சொன்னார். சோணர் என்னும் பிக்கு அளவுக்கு மீறித் தம்மை வருத்திக்கொண்டபோது, வீணையின் நரம்பு மிக முறுக்கினாலும் ஒலிக்காது, தளர்ந்தாலும் ஒலிக்காது என்று எடுத்துக் காட்டினார். நமக்கு வீணை வேண்டாம். பால் வெட்டும் கத்தி போதும். ஆழம் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் மங்கில் பால் விழாது. சரியான ஆழம் கைக்குப் பழக வேண்டும்.

நான்கு வாய்மைகள்

அடுத்து அந்த ஐவருக்கு நான்கு வாய்மைகளைச் சொன்னார். துன்பம் உண்டு. துன்பத்துக்குக் காரணம் உண்டு. துன்பம் நீங்குதல் உண்டு. நீங்குவதற்கு வழி உண்டு. பௌத்தம் முழுவதும் இந்த நான்கில் அடக்கம்.

முதலாவது, துன்பம். பிறத்தல், மூத்தல், நோய், சாவு, பிடிக்காதவற்றோடு சேர்ந்திருத்தல், பிடித்தவற்றைப் பிரிதல், வேண்டியது கிடைக்காமை ஆகிய எல்லாவற்றையும் துன்பத்தில் சேர்த்தார். இன்பம் தருவதும் நிலைத்து நில்லாமையால் முடிவில் துன்பமாகும் என்றார். இதில் மிகை ஒன்றும் இல்லை. ரப்பர் நிரையாக நின்ற காடுகளில் எண்ணெய்ப்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. மூன்று தலைமுறை வாழ்ந்த லயம் இருந்த இடம் தெரியாமல் போனதைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். நிலையாமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, காரணம். பாலி மொழியில் அதைத் தண்ஹா என்பார்கள். தாகம் என்று பொருள். நம் தமிழில் வேட்கை. புலன் இன்பத்தின் மேல் வேட்கை, நான் இப்படியே இருந்துகொண்டிருக்க வேண்டும் என்ற வேட்கை, இது ஒழிந்து போகட்டும் என்ற வேட்கை என மூன்றாகப் பிரித்தார். எதுவும் நிலையில்லாத உலகத்தில் இறுகப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறோம். பிடித்தது நழுவுகிறது. கை வலிக்கிறது.

மூன்றாவது, துன்பம் நீங்குதல். அந்த வேட்கை அணைந்தால் துன்பம் அணையும். நிருவாணம் என்ற சொல்லுக்கே அணைதல் என்றுதான் பொருள். நெருப்பு அணைவது போல ஆசையும் பகையும் அறியாமையும் அணைதல்.

நான்காவது, வழி. அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

இந்த நான்கின் அமைப்பைக் கவனியுங்கள், தோழர்களே! வைத்தியர் கேட்கும் கேள்விகள் இவை. என்ன நோய்? எதனால் வந்தது? தீருமா? மருந்து என்ன? முதல் வாய்மையோடு நிறுத்திவிட்டு, உலகம் துன்பம், பொறுத்துக்கொள் என்று சொல்கிறவன், நோயின் பெயரைச் சொல்லிவிட்டு மருந்து கொடுக்காமல் எழுந்து போகிற வைத்தியனுக்கு ஒப்பானவன். புத்தர் எழுந்து போகவில்லை.

நம் நாட்டிலே நடந்த ஒன்றைக் கொண்டு இதை விளக்குகிறேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் நம்மவர் மலேரியாக் காய்ச்சலில் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். கெட்ட காற்று என்றார்கள், தெய்வக் குற்றம் என்றார்கள், விதி என்றார்கள். இந்தியாவில் இருந்த டாக்டர் ரொனால்ட் ராஸ், 1897ஆம் ஆண்டு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்துக் கொசு பிறக்கும் இடத்தை ஒழித்தார். காய்ச்சல் குறைந்தது. நோய் உண்டு, காரணம் உண்டு, தீர்வு உண்டு, வழி உண்டு. அதே நான்கு!

அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சமவெளியில் பலித்த முறை மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே காய்ச்சலைப் பரப்பியது வேறு இனக் கொசு. அது வெயில் படும் தெளிந்த ஓடையில் பிறப்பது. காட்டை அழித்து வாய்க்காலைத் திறந்துவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். நிலத்துக்கு அடியில் குழாய் பதித்தும், நீரில் எண்ணெய் தெளித்தும்தான் அதை அடக்க முடிந்தது. காரணத்தைச் சரியாகக் காணாதவன் எடுக்கும் முயற்சி நோயை வளர்த்துவிடும். புத்தர் தம் வழியின் முதற்படியாக நற்காட்சியை வைத்ததன் காரணம் இப்போது விளங்கும்.

எட்டு உறுப்புகள் கொண்ட வழி

நற்காட்சி என்பது உள்ளதை உள்ளபடி காணுதல். நல்லெண்ணம் என்பது பேராசையும் பகையும் கொடுமையும் கலவாத எண்ணம். நற்சொல் என்பது பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு நான்கையும் விடுதல். கோள் என்பதை மனிதரைப் பிரிக்கும் பேச்சு என்றே அவர் விளக்கினார். ஒரு கோள் வார்த்தையால் பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் எந்த லயத்தில் இல்லை?

நற்செயல் என்பது கொலை, களவு, முறையற்ற காமம் ஆகியவற்றை நீக்குதல். நல்வாழ்க்கை என்பது பிறருக்குக் கேடு செய்யாத பிழைப்பு. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்து வியாபாரங்களை இல்லறத்தார் செய்யக் கூடாது என்றார். உயிர்கள் என்பதில் மனிதரை விற்பதும் அடங்கும். கூலிக்கு ஆள் பிடித்துக் கப்பலேற்றிய காலத்தை அறிந்த நமக்கு இதன் பொருள் நன்றாகவே விளங்கும்.

நன்முயற்சி என்பது தீமை வராமல் தடுத்தல், வந்ததை நீக்குதல், நன்மையை உண்டாக்குதல், உண்டானதை வளர்த்தல். நற்கடைப்பிடி என்பது உடலிலும் உணர்ச்சியிலும் மனத்திலும் நடப்பதை அவ்வப்போது கவனித்திருத்தல். நல்லமைதி என்பது மனம் ஒருமைப்பட்டு நிற்றல்.

இவற்றில் எங்கேயாவது, சும்மா இரு என்ற கட்டளை இருக்கிறதா? எட்டும் செய்ய வேண்டிய காரியங்கள்.

ஆசைப்படாமல் எப்படிச் சம்பள உயர்வு கேட்பது?

வேடிக்கையாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான் இது. ஆசையே துன்பத்துக்குக் காரணமென்றால், பிள்ளை படிக்க வேண்டும், கூலி உயர வேண்டும் என்று விரும்புவதும் குற்றந்தானே?

பாலி நூல்கள் இரண்டு சொற்களைக் கையாளுகின்றன. தண்ஹா என்பது தீராத தாகம். சந்தம் என்பது ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்ற விருப்பம். இந்தச் சந்தம் கெட்ட வழியிலும் போகலாம், நல்ல வழியிலும் போகலாம். நன்முயற்சிக்கு அது தேவை என்றே புத்தர் சொல்லியிருக்கிறார். உண்ணாபர் என்ற பிராமணர் கோசாம்பி நகரத்துச் சோலையில் புத்தரின் மாணவரான ஆனந்தரைக் கண்டு இதே ஐயத்தைக் கேட்டார். விருப்பத்தை நீக்குவதற்கும் ஒரு விருப்பம் வேண்டுமே, அப்படியானால் முடிவேது என்றார். ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: இந்தச் சோலைக்கு வரவேண்டும் என்ற விருப்பம் உமக்கு முன்பு இருந்ததல்லவா? வந்து சேர்ந்ததும் அது தணிந்துவிட்டதல்லவா? பிராமணர் ஆம் என்றார். நல்ல விருப்பம் வேலை முடிந்ததும் தணியும். தாகமோ குடிக்கக் குடிக்க வளரும்.

பிள்ளைக்குப் புத்தகம் வாங்கக் கேட்கும் கூலி உயர்வு, புத்தகம் வாங்கியதும் தணியும் விருப்பம். அடுத்த வீட்டுக்காரனைவிடப் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வேண்டுமென்று தவணைக் கடனில் விழுவது தாகம். இரண்டையும் ஒரே ஆசை என்று எண்ணி, முதலாவதைக் கைவிடச் சொல்வது புத்தர் போதனை ஆகாது.

விதி என்றவனை மறுத்தார்

இனி, தலையெழுத்துக்கு வருகிறேன். புத்தர் காலத்திலேயே விதிவாதம் பேசிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். மற்கலி கோசாலர் என்று பெயர். ஆசீவகர் என்ற கூட்டத்தின் தலைவர். மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை, எல்லாம் முன்பே அமைந்தபடி நடக்கும் என்பது அவர் கொள்கை. பிற மதத்தாரிடம் பொறுமையாகப் பேசும் புத்தர், இந்தக் கொள்கையை மட்டும் மிகவும் கடுமையாகக் கண்டித்தார். மயிரால் நெய்த கம்பளம் குளிர்காலத்தில் குளிரும், வெயில் காலத்தில் சுடும், நாற்றமும் அடிக்கும். ஆடைகளில் அது கடைப்பட்டது போல, முயற்சியே இல்லை என்னும் கொள்கை கொள்கைகளில் கடைப்பட்டது என்றார்.

"வினைப்பயன் என்று அவரும் சொன்னாரே" என்று நீங்கள் கேட்கலாம். சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் அனுபவிப்பதெல்லாம் முன்வினையா என்று சீவகர் என்ற துறவி கேட்டபோது, அப்படியல்ல என்றார். பித்தம், சிலேத்துமம், வாயு, இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், உடலைப் பேணாத நடத்தை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். எட்டில் ஒன்றுதான் வினை! மற்ற ஏழுக்கும் மருந்தோ, எச்சரிக்கையோ, பாதுகாப்போ தேட வேண்டியது மனிதன் கடமை. கையுறையும் முகமூடியும் இல்லாமல் பூச்சிமருந்து தெளித்துவிட்டு, நெஞ்சு எரிவதை முன்வினை என்று சொல்வதற்குப் புத்தர் சாட்சி சொல்லமாட்டார்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்ததன்று. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய டாக்டர் அம்பேத்கருக்கும் இருந்தது. அவர் காலமான பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற நூலின் முன்னுரையில், பிறப்பும் துன்பம், இறப்பும் துன்பம் என்றால் மனிதனுக்கு நம்பிக்கை எங்கே என்று கேட்டார். நான்கு வாய்மைகள் பிக்குகள் பிற்காலத்தில் சேர்த்ததாக இருக்குமோ என்றுகூட ஐயுற்றார். அறிஞர்களுக்குள் இது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நான் அறிந்தவரையில், மூன்றாம் நான்காம் வாய்மைகளை மறக்காமல் படித்தால் அந்த அச்சம் நீங்கும்.

இரண்டு அம்புகள்

அப்படியானால் எல்லாத் துன்பத்தையும் கோரிக்கை வைத்தே நீக்கிவிடலாமா? முடியாது, தோழர்களே! சங்கக்காரன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதுமையை நீக்க எந்த ஒப்பந்தத்திலும் விதி எழுத முடியாது. இறந்த பிள்ளையைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. இந்த இடத்தில்தான் புத்தர் மிகப் பெரிய துணையாக நிற்கிறார்.

அவர் ஓர் உவமை சொன்னார். ஒருவன் மேல் அம்பு பாய்கிறது. வலிக்கிறது. உடனே அதே ஆள் மேல் இரண்டாவது அம்பும் பாய்கிறது. உடலில் வரும் வலி முதல் அம்பு. அழுது அரற்றி, கலங்கி, வலியை மறக்க வேறு இன்பத்தைத் தேடி ஓடுவது இரண்டாம் அம்பு. பயிற்சி பெற்றவனுக்கும் முதல் அம்பு வலிக்கும். இரண்டாவது அம்பு பாயாது.

இதை நம் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் விடாமல் மழை. வெட்டு இல்லை. கூலி குறைகிறது. இது முதல் அம்பு. அந்த ஆத்திரத்தில் சம்சு குடிப்பது, வீட்டுக்கு வந்து மனைவியை அடிப்பது, பிள்ளையின் பள்ளிச் செலவுப் பணத்தை எடுப்பது, இவையெல்லாம் இரண்டாம் அம்பு. முதல் அம்பைப் பிடுங்க, மழை நாள் கூலிக்குப் பேசச் சங்கம் வேண்டும், ஒருவனால் ஆகாது. இரண்டாம் அம்பைப் பிடுங்க ஒவ்வொருவனும் தன் கையையே நீட்ட வேண்டும், சங்கத்தால் ஆகாது. அதிலும், அந்த அம்பு குடித்தவனோடு நிற்பதில்லை. வீட்டிலிருக்கும் பெண்ணையும் பிள்ளையையும் சேர்த்துத் தைக்கிறது. மதுவை விலக்குவது புத்தரின் ஐந்து ஒழுக்கங்களில் ஒன்று என்பதை நினைவுபடுத்துகிறேன்.

சாவத்தி நகரத்துக் கிசா கோதமியின் வரலாற்றைத் தாய்மார்கள் கேட்டிருப்பீர்கள். ஒரே மகன் இறந்துபோனான். பிணத்தை இடுப்பில் சுமந்துகொண்டு மருந்து கேட்டு அலைந்தாள். ஊரார் பைத்தியம் என்றார்கள். ஒருவர் புத்தரிடம் அனுப்பினார். புத்தர் அவளுக்கு உபதேசம் செய்யவில்லை, முன்வினை என்றும் சொல்லவில்லை. சாவு நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கிவரச் சொன்னார். வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் கடுகு இருந்தது. சாவு நிகழாத வீடுதான் இல்லை. ஒரு வீட்டில் தந்தை, ஒரு வீட்டில் மகள், ஒரு வீட்டில் கணவன். மாலைக்குள் அவளுக்கு உண்மை விளங்கியது. பிள்ளையைச் சுடுகாட்டில் விட்டுத் திரும்பினாள்.

இதில் நான் வியப்பது, அவளை அவர் தனியே உட்கார்ந்து யோசிக்கச் சொல்லாமல் அண்டை வீடுகளுக்கு அனுப்பியதைத்தான். தன் துக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள், ஊரின் துக்கத்தைக் கேட்கும்படி செய்தார். ஒரு லயத்தில் சாவு விழுந்தால் அடுப்பு மூட்டவிடாமல் அடுத்த வீட்டார் கஞ்சி கொண்டு வருகிறார்களே, அந்தப் பழக்கத்தை நாம் விட்டுவிடக் கூடாது.

பசித்தவனுக்கு முதலில் சோறு

பட்டினியைப் பற்றிப் பின்னால் பேசுவதாகச் சொன்னேன். ஆளவி என்ற ஊரில் ஏழை உழவன் ஒருவன் இருந்தான். புத்தர் பேச வருகிறார் என்று கேட்டு அவனும் போக விரும்பினான். அன்றைக்கென்று அவன் மாடு காணாமல் போயிற்று. காடெல்லாம் தேடிப் பிடித்துவிட்டு, பசியோடும் களைப்போடும் கூட்டத்துக்கு வந்தான். ஊரார் எல்லோரும் உண்டு முடித்து, பேச்சுக்காகக் காத்திருந்தார்கள். புத்தர் பேசவில்லை, அவனுக்காகக் காத்திருந்தார். வந்ததும், சோறு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு, அவனை உட்காரவைத்து உண்ணச் செய்தார். அவன் பசி ஆறிய பிறகே பேசினார். பிக்குகள் சிலர் இதைப் பற்றி முணுமுணுத்தபோது, நோய்களில் எல்லாம் பெரிய நோய் பசி என்றும், பசியோடு இருப்பவன் காதில் அறம் ஏறாது என்றும் விளக்கினார். தம்மபதத்தின் உரை இந்த வரலாற்றைச் சொல்கிறது.

முதலாளி, தொழிலாளி உறவைப் பற்றியும் பேசியிருக்கிறார். ராஜகிருக நகரத்தில் சிகாலன் என்ற இளைஞன் தினமும் ஆறு திசைகளைக் கும்பிட்டு வந்தான். திசையைக் கும்பிடுவதன் பொருள் இதுவென்று புத்தர் அவனுக்கு விளக்கினார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், மேலே துறவியர், கீழே வேலையாட்கள். நாம் நிற்கும் நிலத்தைப் போல நம்மைத் தாங்குகிறவர்கள் வேலையாட்கள் என்று நான் இதற்குப் பொருள் கொள்கிறேன். எசமானனுக்கு ஐந்து கடமைகள் சொன்னார்: சக்திக்கு ஏற்ற வேலை கொடுத்தல், உணவும் கூலியும் கொடுத்தல், நோயில் பராமரித்தல், அருமையான பண்டங்களைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தல். வேலையாளுக்கும் ஐந்து: முன்னே எழுதல், பின்னே உறங்குதல், கொடுத்ததை மட்டும் எடுத்தல், வேலையை நன்றாகச் செய்தல், நற்பெயரைப் பரப்புதல்.

எசமானன் கடமைகளைப் படித்துப் பாருங்கள். வேலை அளவு, கூலி, வைத்தியம், விடுமுறை. நாம் மேசையில் உட்கார்ந்து பேசும் விஷயங்கள்தாம்! அதற்காகப் புத்தரைத் தொழிற்சங்கத் தலைவராக்க நான் முயலவில்லை. அவர் மன்னர்களுக்கும் வணிகர்களுக்கும் கூட ஆசிரியர். நம் கடமை ஐந்தையும் அவர் விட்டுவிடவில்லை. ஆனால் கூலியும் மருந்தும் ஓய்வும் தருமமாகக் கொடுக்கும் பிச்சை என்று அவர் சொல்லவில்லை, கடமை என்றார்.

தமிழருக்குப் புதியதன்று

இதெல்லாம் யாரோ வேற்றாருடைய மதம் என்று எண்ண வேண்டாம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை பௌத்தக் காப்பியம். ஆபுத்திரன் கையிலிருந்த அமுதசுரபி, புத்தர் பிறந்த வைகாசி விசாகத்தன்று மணிமேகலைக்குக் கிடைக்கிறது. அதைக் கொண்டு அவள் பசித்தவர்களைத் தேடிப் போகிறாள். சிறைக்கோட்டத்துக்கே சென்று கைதிகளுக்குச் சோறிடுகிறாள். அரசனிடம் வரம் கேட்டு, அந்தச் சிறையையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள். பசி நீங்கிய பின்புதான் காப்பியம் தத்துவம் பேசுகிறது.

நாம் இருக்கும் இந்த நாட்டுக்கும் தொடர்பு உண்டு. கடாரம் என்று தமிழர் அழைத்த கெடாவையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சைலேந்திர மன்னர், முதலாம் ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையை எழுப்பினர். சோழன் சைவனாக இருந்தும் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்கு விட்டுக்கொடுத்தான். நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே நாகப்பட்டினந்தான்.

முடிவாக

கேட்ட கேள்விக்கு வருகிறேன். துன்பம் தலையெழுத்தா? இல்லை என்பதே புத்தர் தந்த விடை. துன்பத்துக்குக் காரணம் உண்டு. காரணம் உள்ளதை ஆராயலாம். கூடி நீக்கக்கூடிய துன்பத்தைக் கூடி நீக்க வேண்டும். நீக்க முடியாத துன்பம் வரும்போது, இரண்டாம் அம்பை நாமே நம் மேல் எய்துகொள்ளாதிருக்கப் பழக வேண்டும். எது எந்த வகை என்று பிரித்தறிய நற்காட்சி வேண்டும்.

கடைசியாக ஒன்று. வஜ்ஜி நாட்டாரை வெல்ல முடியுமா என்று அறிந்துவர, மகத மன்னன் அஜாதசத்து தன் மந்திரியைப் புத்தரிடம் அனுப்பினான். வஜ்ஜியர் அடிக்கடி கூட்டம் கூடுகிறார்களா, ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலைகிறார்களா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டார். ஆம் என்றார் ஆனந்தர். அப்படியிருக்கும்வரை அவர்களுக்குத் தாழ்வில்லை என்றார் புத்தர். மந்திரி அதைக் கேட்டுக்கொண்டு போனான். படையால் ஆகாதென்று கண்டு, வஜ்ஜியருக்குள் புகுந்து, கோள் மூட்டினான். மூன்றாண்டில் அவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் போனார்கள். போர்முரசு அறைந்தபோது கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை என்று உரைநூல்கள் கூறுகின்றன.

நம் கிளைக் கூட்டம் மாதம் ஒரு முறை கூடுகிறது. அடுத்த மாதம் இங்கு வரும்போது, இன்று வராத பக்கத்து வீட்டாரையும் அழைத்து வாருங்கள். அவர்களிடம் பேசாமல் இருப்பவர் யாராவது இருந்தால், இந்த விசாக தினத்தில் பேசிவிடுங்கள்.